கைக்கெட்டும் உயரம்

தேனி மாவட்டத்தில் சின்னமனூருக்குப் பக்கத்தில், சுரபி நதிக்கரையில் இருக்கிறது குச்சனூர். சனீஸ்வர பகவான் இங்கே சுயம்புவாக எழுந்தருளியிருப்பதாக நம்பிக்கை. ஆடி மாதச் சனிக்கிழமைகளில் ஊர் கொள்ளாத கூட்டம் கூடும். எள் விளக்கு ஏற்றுவார்கள், காக்கைக்குச் சோறு வைப்பார்கள், பிடித்த சனி விலகவேண்டும் என்று ஆற்றில் முழுகி எழுவார்கள். அந்தக் கூட்டத்தில் இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் தாய்மார்களும் உண்டு. பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம், நெருப்பில் கண்டம் என்று ஜாதகம் பார்த்த யாரோ சொல்லியிருப்பார்கள். அதற்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்ற பயம்தான் அவர்களை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வருகிறது.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2008-இல் குழந்தைகளின் விபத்துக் காயங்களைப் பற்றி ஓர் உலக அறிக்கை வெளியிட்டன. ஆண்டுக்கு சுமார் 8,30,000 குழந்தைகள் விபத்துகளில் இறக்கிறார்கள் என்றது அந்த அறிக்கை. நாளைக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். சாலையை ஒதுக்கிவிட்டால் மற்ற பெரிய காரணங்கள் நான்கு: தண்ணீர், நெருப்பு, விழுதல், நஞ்சு. ஜாதகக்காரர் சொல்லும் கண்டங்களும் ஏறக்குறைய இவைதான். ஒரு வித்தியாசம் உண்டு. ஒன்று முதல் ஐந்து வயதுவரை இந்தக் கண்டங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கின்றன. எந்த நட்சத்திரத்தில் பிறந்திருந்தாலும் சரி. ஏற்கெனவே பலன் தெரிந்த தடுப்பு முறைகளை எல்லா நாடுகளும் கைக்கொண்டாலே நாளொன்றுக்கு ஆயிரம் குழந்தைகளாவது பிழைப்பார்கள் என்றும் அதே அறிக்கை கணக்கிட்டது.

ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நம் ஊர்களில் இரண்டு பேச்சுத்தான் எழும். ‘அதோட விதி அம்புட்டுத்தான்’ என்பது ஒன்று. ‘பெத்தவ என்ன செஞ்சுக்கிட்டிருந்தா?’ என்பது இன்னொன்று. முதல் பேச்சு ஆறுதலாகவாவது இருக்கும். இரண்டாவது பேச்சு, பிள்ளையைப் பறிகொடுத்தவளின் மீதே பழியைப் போட்டு ஆயுளுக்கும் அவளை அறுக்கும். இந்த இரண்டைச் சொல்லிவிட்டால் விசாரணை முடிந்துவிடுகிறது. அடுப்பு எந்த உயரத்தில் இருந்தது, பாட்டிலுக்கு மூடி எப்படி இருந்தது, வாளியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அடுத்த வீட்டில் அதே உயரத்தில் அதே அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

மருத்துவ உலகமும் வெகுகாலம் இப்படித்தான் இருந்தது. காலராவுக்கும் அம்மைக்கும் காரணம் தேடிய விஞ்ஞானிகள் விபத்தை விட்டுவிட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு என்றே தோன்றவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொற்றுநோயியல் பேராசிரியராக இருந்த ஜான் கோர்டன் 1949-இல் ஒரு கட்டுரை எழுதினார். விபத்துகளும் கொள்ளைநோய் மாதிரியேதான் நடந்துகொள்கின்றன என்றார். அவற்றுக்குப் பருவம் உண்டு, இடம் உண்டு, பிடித்தமான வயது உண்டு. 1961-இல் உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் இன்னும் ஆழமாகப் போனார். காயம் எந்த வடிவில் வந்தாலும் அதன் அடியில் இருப்பது ஆற்றல் என்று அவர் காட்டினார். கொதிநீரில் வெப்ப ஆற்றல், மாடியிலிருந்து விழும்போது இயக்க ஆற்றல், கம்பியில் மின் ஆற்றல், பாட்டிலில் வேதி ஆற்றல். உடம்பு தாங்கும் அளவுக்கு மேல் அது பாயும்போது காயம். மூழ்குவதும் மூச்சடைப்பதும் இதன் மறுபக்கம்: உடம்புக்கு வரவேண்டிய உயிர்வளி வராமல் போகிறது.

இந்தக் கருத்தை வைத்து ஒரு துறையையே கட்டியவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹேடன். 1970-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, புலிகள் தப்பிப்பதைப் பற்றியது. கட்டவிழ்ந்த ஆற்றல் ஒவ்வொன்றும் அவருக்குத் தப்பி வந்த புலி. கிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தையும் தென்மேற்கே பெரியாறு புலிகள் காப்பகத்தையும் வைத்துக்கொண்டு வாழும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. புலியே இல்லாமல் செய்யலாம், எண்ணிக்கையைக் குறைக்கலாம், கூண்டு திறக்காமல் பார்த்துக்கொள்ளலாம், புலி நடமாடும் நேரத்தில் ஆள் போகாமல் இருக்கலாம், நடுவில் வேலி போடலாம், கடித்த பிறகு உடனே வைத்தியம் பார்க்கலாம். இப்படிப் பத்து வழிகளை அவர் அடுக்கினார். ‘புலி வருது, பார்த்துப் போ’ என்று எச்சரிப்பதை மட்டும் நம்பியிருப்பதை அவர் ஏற்கவில்லை. நாம் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதும் செய்துகொண்டிருப்பது அந்த ஒன்றைத்தான்.

ஒன்றரை வயதுப் பிள்ளையின் உடம்பு எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைவது நல்லது. பிறக்கும்போது உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம். ஆகவே பிள்ளையின் பாரம் மேலே இருக்கிறது. எட்டிக் குனிந்தால் தலை இழுத்துக்கொண்டு போய்விடும், கைகளுக்குத் திருப்பி நிமிர்த்தும் பலம் கிடையாது. ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எறும்பைக்கூடப் பொறுக்கும் திறமை வந்துவிடும். பொறுக்கியதெல்லாம் வாய்க்குப் போகும், ஏனென்றால் அந்த வயதில் பொருளை அறியும் புலன்களில் வாயும் ஒன்று. ஆபத்து என்ற எண்ணம் மூளையில் உருவாக இன்னும் பல ஆண்டுகள் ஆகும். திட்டினாலும் அடித்தாலும் அதை முன்கூட்டி வரவழைக்க முடியாது.

சமையல்கட்டுக்குப் போவோம். பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல் விளைகிற ஊர்கள் இவை. வடித்த சோறுதான் இன்னமும் பல வீடுகளில். சோற்றுப் பானையைத் தரையில் சாய்த்துக் கஞ்சி வடிக்கும் அந்தச் சில நிமிடங்கள், தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் நாளிலேயே மிக மோசமான நேரம். 1947-இல் ஹார்வர்டைச் சேர்ந்த மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தோல் எந்தச் சூட்டில் எத்தனை நொடியில் வேகும் என்று அளந்தார்கள். 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர், வளர்ந்தவர் தோலை முழு ஆழத்துக்கும் வேகவைக்க எடுத்துக்கொண்டது ஐந்து நொடி. குழந்தையின் தோல் அதைவிட மெலிது. வடிகஞ்சியின் சூடோ நூறு டிகிரியை ஒட்டியது. கொழகொழப்பாக இருப்பதால் தண்ணீரைப் போல வழிந்து ஓடாமல் ஒட்டிக்கொண்டு சூட்டை உள்ளே இறக்கும். சாம்பாரும் பாயசமும் அப்படியே.

இதற்கு ஹேடன் வழியில் விடை தேடினால், தச்சரிடம் சொல்லி சமையல்கட்டு நிலையில் இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு மரத் தடுப்புக் கதவு போட்டு, கொண்டியை வெளிப்புறம் வைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. புலிக்கும் பிள்ளைக்கும் நடுவில் வேலி வந்துவிட்டது. கஞ்சி வடிப்பதை மேடைமீது தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். பிடி உள்ள சட்டியின் பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைக்கலாம். கேஸ் அடுப்பில் இரண்டு பர்னர் இருந்தால் கொதிப்பது சுவரை ஒட்டிய பக்கம் இருக்கட்டும். காதுகுத்து, கல்யாண வீடுகளில் கொல்லைப்புறம் தரையில் இறக்கிவைக்கும் சாம்பார் அண்டாக்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அவற்றின் வாய் பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள் தவறி உள்ளே விழுந்த செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். நான்கு பெஞ்சுகளைப் போட்டு, கயிறு கட்டி மறிக்காமல் அடுப்பு பற்றவைக்கமாட்டேன் என்று ஒவ்வொரு சமையல் மாஸ்டரும் சொல்லவேண்டும். பந்தல்காரரிடம் அதற்கும் சேர்த்து முன்பணம் கொடுக்கவேண்டும்.

சுட்டுவிட்டால் செய்யவேண்டியது எளிது, ஆனால் நம் வீடுகளில் அது நடப்பதில்லை. பேஸ்ட், இங்க், இட்லி மாவு, மஞ்சள் என்று எதையாவது அப்பிவிடுகிறார்கள். அது சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும். எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்று மருத்துவர் பார்க்கவும் முடியாது. குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் ஓடவிடுங்கள், முழுதாக 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். பட்டவுடன் செய்வது உத்தமம். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. குழந்தையின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை அதன் உடம்புப் பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். அதைவிடப் பெரிய புண்ணாக இருந்தாலோ, முகம், கை, பிறப்புறுப்பில் பட்டிருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கின் பெருமை பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வருடம் முழுவதும் பழம் வருகிற இடம் என்பதால் இங்கே திராட்சை இல்லாத வீடு குறைவு. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு முழுத் திராட்சை ஆபத்தானது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லவேண்டும். குழந்தையின் மூச்சுக்குழல் அதன் சுண்டுவிரல் பருமன்தான். திராட்சை உருண்டையாக, வழவழப்பாக, அழுத்தினால் வடிவம் மாறுகிறதாக இருக்கிறது. மூச்சுவழியில் இறங்கினால் ஒரு தக்கை பாட்டில் வாயை அடைப்பதுபோல் இடைவெளி விடாமல் அடைத்துக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர மருத்துவர்கள் இருவர் இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதிப் பெற்றோரை எச்சரித்தார்கள். பழத்தைத் தவிர்க்கத் தேவையில்லை. நீளவாக்கில் நான்காக அரிந்து, விதையை எடுத்துவிட்டு, பிள்ளையை உட்காரவைத்துக் கொடுங்கள். நிலக்கடலை, பொட்டுக்கடலை, சீதாப்பழ விதை, புளியங்கொட்டை ஆகியவையும் இதே வகை. ஓடுகிற பிள்ளையின் வாயில் கடலை ஊட்டக் கூடாது.

அடைத்துக்கொண்டு இருமவும் அழவும் முடியாமல் போனால் ஆட்டோ தேடி ஓட நேரமில்லை. ஒரு வயதுக்குள் என்றால் தலை தாழும்படி முன்கையில் குப்புறக் கிடத்தித் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி மார்பின் நடுவில் ஐந்து அழுத்து. ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து தட்டு. போகாவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே மூடிய கைமுட்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாறி மாறி. மயங்கிவிட்டால் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கவேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

திருவிழாக் கடை பொம்மைகளும் இதோடு சேர்ந்தவை. பளிச் பளிச்சென்று எரியும் மோதிரம், பம்பரம், பாட்டுப் பாடும் பொம்மை எல்லாவற்றின் வயிற்றிலும் பொத்தான் பேட்டரி இருக்கிறது. இருபது மில்லிமீட்டர் விட்டமுள்ள லித்தியம் வில்லை ஒன்றை விழுங்கினால் அது உணவுக்குழலில் நின்றுவிடக்கூடும். நின்ற இடத்தில் எச்சில் பட்டு மின்சாரம் ஓடும், காரம் உருவாகும், இரண்டு மணி நேரத்தில் குழலின் சுவரை அரித்துவிடும். பேட்டரி ஒழுகவேண்டும் என்பதுகூட இல்லை. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை. பேட்டரி மூடிக்குத் திருகு ஆணி இல்லாத பொம்மையை வாங்காதீர்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதையும் தேடிப் பாருங்கள்.

இனி நஞ்சு. இந்தப் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இதைப் பற்றி அதிகம் பேசவேண்டும் என்பது என் எண்ணம். நெல், வாழை, தென்னை, திராட்சை என்று வெள்ளாமை நடக்கும் ஊரில் மருந்தடிக்காத மாதம் கிடையாது. மிச்ச மருந்து வீட்டுக்கு வருகிறது. திராட்சையில் சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் கலக்கும் மருந்துகள், நீலப் பளிங்காக மின்னும் மயில்துத்தம், வாழைக்குப் போடும் குருணை, எலிக்கு வைக்கும் பசை. பாதி தீர்ந்ததைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி மாட்டுக் கொட்டத்திலோ கட்டிலுக்கு அடியிலோ வைத்துவிடுகிறார்கள். குளிர்பானப் பாட்டிலில் இருப்பது குடிக்கிற பொருள் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்ததே நாம்தான்.

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் கண்டமன் என்ற கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்ததை ஆய்வகம் உறுதிசெய்தது. பூச்சிக்கொல்லியும் உணவுப்பொருளும் ஒரே கூரையின் கீழ், ஒரே மாதிரிப் பாத்திரங்களில் புழங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம். மருந்து வாங்கிய டப்பாவிலிருந்து வேறொன்றுக்கு மாறவே கூடாது. தீர்ந்த டப்பா எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுப் புழக்கத்துக்கு வரக் கூடாது. தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரு தகரப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, சாவி அண்ணாக்கயிற்றில். மோட்டார் ரூம் இல்லாதவர்கள் வீட்டுக்கு வெளியே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பூட்டிய பெட்டி அடித்துக்கொள்ளலாம்.

மண்ணெண்ணெயும் தின்னரும் பெட்ரோலும் வேறு விதமாகக் கொல்லும். ரேஷன் மண்ணெண்ணெய் குறைந்துவிட்டது உண்மை. ஆனால் விசைத்தெளிப்பானுக்கு வாங்கிய பெட்ரோலும் பெயின்ட் அடித்து மிஞ்சிய தின்னரும் வந்திருக்கின்றன. இவை மிகவும் இளகியவை. ஒரு மிடறு தொண்டையில் பட்டவுடன் புரையேறி நுரையீரலுக்குள் படலமாகப் பரவிவிடும். வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலில் பட்டதுதான் ஆளைச் சாய்க்கிறது. அதனால்தான் மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது என்று மருத்துவர்கள் மன்றாடுகிறார்கள். மேலே வரும்போது மறுபடியும் புரையேறும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், தொண்டையில் விரல் எதுவும் வேண்டாம். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கோயில் ஊர் என்பதால் இன்னொன்று. பூஜை அலமாரியில் சூடமும் கற்கண்டும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கும். இரண்டும் வெள்ளை, இரண்டும் சிறு வில்லை. கற்கண்டைத் தின்று பழகிய பிள்ளை சூடத்தையும் வாயில் போடும். சூடம் மூளையைத் தாக்கும் நஞ்சு. தின்ற சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சின்னக் குழந்தைக்கு ஒரு கிராம்கூட உயிருக்கு உலைவைக்கும். நெஞ்சுச்சளிக்குத் தடவும் தைலத்தையும் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். துணிக்கு நடுவில் போடும் அந்துருண்டை, சிலவகைப் பரம்பரைக் குறைபாடுள்ள பிள்ளைகளின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். சூடம் மேல்தட்டுக்குப் போகட்டும், கற்கண்டு சமையல்கட்டுக்கு வரட்டும்.

கனடாவில் வின்ட்சர் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹென்றி பிரோ, மாத்திரை தின்ற பிள்ளைகளைக் காப்பாற்றிக் காப்பாற்றி மனம் நொந்தவர். தாய்மார்களுக்கு அறிவுரை சொல்லிப் பார்த்தார், பிரசாரம் செய்து பார்த்தார். எண்ணிக்கை குறையவில்லை. கடைசியில் மூடியின் பக்கம் திரும்பினார். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகினால் மட்டும் திறக்கும் மூடியை 1967-இல் அந்தப் பகுதியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தைகளுக்கு நஞ்சேறுவது 91 சதவீதம் குறைந்தது. 1970-இல் அமெரிக்கா இத்தகைய மூடியைச் சட்டமாக்கியது. தாய்மார்கள் அதே தாய்மார்கள், பிள்ளைகளும் அதே பிள்ளைகள். மாறியது மூடி ஒன்றுதான்.

இலங்கையில் நடந்தது எனக்கு இன்னும் நெருக்கமானது. மின்சாரம் எட்டாத வீடுகளில் காலிப் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்காக வைத்திருந்தார்கள். பாட்டில் உயரம், கனமில்லை, கை பட்டால் உருளும், எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர இப்படிக் கருகி வந்த பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். 1992-இல் அவர் ஒரு விளக்கை வடிவமைத்தார். குட்டை, கனத்த கண்ணாடி, இரண்டு பக்கம் தட்டை, சாய்ந்தாலும் உருளாது. உலோக மூடி திருகி இறுக்கப்பட்டிருப்பதால் எண்ணெய் கொட்டாது. விலை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகிற விலை. லட்சக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். 1998-இல் ரோலெக்ஸ் விருது அவரைத் தேடி வந்தது. ஏழை வீட்டுத் தாயிடம் இன்னும் கவனமாக இரு என்று சொல்வதைவிட, அவள் கண்ணயர்ந்தாலும் கவிழாத விளக்கைக் கொடுப்பது மேலானது. நம் ஊரில் விற்கும் தின்னருக்கும் கழிப்பறை ஆசிட்டுக்கும் பூச்சிமருந்துக்கும் இப்படி ஒரு மூடியைக் கட்டாயமாக்க அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. பற்பசைபோல் டியூபில் வந்த மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையைத் தமிழக அரசு தடை செய்தது நல்ல முன்னுதாரணம். வீட்டில் பழைய டியூப் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

தண்ணீருக்கு வருவோம். தவழும் பிள்ளைக்குக் கிணறு தேவையில்லை, பாதி நிறைந்த வாளி போதும். குளியலறையில் துணி ஊறவைத்த குண்டா, வாசலில் மாட்டுக்கு வைத்த தண்ணீர்த் தொட்டி, மூடி உடைந்த தரைத்தொட்டி ஆகிய எதிலும் எட்டிப்பார்க்கும் பிள்ளையின் தலை முதலில் உள்ளே போகும். நிறைந்த வாளி கனமாக இருப்பதால் சாய்ந்து பிள்ளையை விடுவிக்காது. கூச்சல் எழாது, சினிமாவில் வருவதுபோல் கைகளை அடித்துக்கொள்ளவும் மாட்டாது. நான்கைந்து நிமிடம் மூச்சில்லாமல் போனால் மூளை சேதமாகத் தொடங்கும். குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவைப்பது ஒரு பைசா செலவில்லாத உயிர்காப்பு. நீரைச் சேமித்துத்தான் ஆகவேண்டும் என்றால் பிள்ளை திறக்க முடியாத மூடியுள்ள டிரம்மில் சேமியுங்கள்.

வெளியே வாய்க்கால். வழக்கமாக ஜூன் முதல் தேதி வாக்கில் முல்லைப் பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள்; பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு அது பாயும். நேற்றுவரை பிள்ளைகள் மண்ணில் விளையாடிய வாய்க்கால் இன்றைக்கு இழுத்துக்கொண்டு ஓடும். விபத்துக்குப் பருவம் உண்டு என்று கோர்டன் சொன்னதற்கு இது கண்கூடான உதாரணம். தண்ணீர் திறக்கும் தேதி விவசாயிக்கு எப்படி முக்கியமோ, கரையோரம் குடியிருக்கும் தாய்க்கும் அப்படியே முக்கியம். தேதியை அறிவிக்கும் பேரூராட்சி அதே ஒலிபெருக்கியில், வாய்க்கால் ஓரத்து வீடுகள் வாசலை மறித்துவைக்கும்படியும் சொல்லலாம். படித்துறைகளில் பிள்ளை உயரத்துக்கு ஒரு கம்பித் தடுப்பு போடலாம்.

மாடியையும் தூளியையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கைப்பிடிச் சுவர் கட்டாத மொட்டை மாடி முடிந்த வீடு ஆகாது. பணம் போதவில்லை என்றால் சுவர் எழும்வரை மாடிப்படிக் கதவைப் பூட்டிவைக்கவேண்டும். கம்பி வைப்பதானால் இடைவெளி நான்கு அங்குலத்துக்குள் இருந்தால் தலை நுழையாது, குறுக்குக் கம்பிகள் ஏணியாகிவிடும் என்பதால் நெடுக்குக் கம்பிகளே நல்லது. நியூயார்க் நகரம் 1976-இல் சிறு பிள்ளைகள் உள்ள அடுக்குமாடி வீடுகளின் ஜன்னல்களுக்குத் தடுப்புக் கம்பி கட்டாயம் என்று விதி செய்தது. ஜன்னலிலிருந்து விழும் பிள்ளைகள் எண்ணிக்கை அங்கே பெருமளவு சரிந்தது. சேலைத் தூளி பச்சைக் குழந்தைக்கு அருமையான படுக்கை. ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடும்போது கழுத்தில் சுற்றிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் இப்படிப் போன உயிர்கள் பல. பாப்பா எழுந்ததும் தூளியைத் தூக்கி உத்தரத்தில் முடிந்துவிடுங்கள். மின்சாரத்துக்கு, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் 30 மில்லிஆம்பியர் கசிவு மின்தடுப்பான் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுவிடலாம். மின்சாரம் உடம்பு வழியாகக் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டிக்கும். வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் காயிலை மட்டும் பிள்ளை இருக்கும் வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? விடிவதற்கு முன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் இந்தப் பள்ளத்தாக்கின் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். இருட்டியபின் திரும்புவார்கள். பிள்ளை அப்பத்தாவிடமோ எட்டு வயது அக்காவிடமோ இருக்கும். அப்பத்தாவுக்குக் கண் மங்கல். அக்காவே ஒரு பிள்ளை. இந்த வீட்டில் போய்க் கவனமாக இருங்கள் என்று சொல்வது அநியாயம். வங்கதேசம் இதே கேள்விக்கு ஒரு பதில் கண்டது. அங்கே குளம் குட்டைகளில் மூழ்கிய பிள்ளைகள் பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து பகல் ஒன்றுக்குள், தாய் வேலையாக இருந்தபோது போனவர்கள் என்று தெரியவந்தது. அந்த நேரத்துக்கு மட்டும் ஒவ்வொரு கிராமத்திலும் ‘ஆஞ்சல்’ என்ற காப்பகம் வைத்தார்கள். உள்ளூர்ப் பெண் ஒருவர், உதவிக்கு இன்னொருவர், ஒன்று முதல் ஐந்து வயதுவரை இருபத்தைந்து பிள்ளைகள். அங்கே வந்த பிள்ளைகள் மூழ்குவது வெகுவாகக் குறைந்தது. 2022-இல் வங்கதேச அரசே 8,000 காப்பகங்களுக்கு, 2,00,000 குழந்தைகளுக்கு ஒப்புதல் கொடுத்தது.

நமக்கு அங்கன்வாடி 1975 அக்டோபர் 2 முதல் இருக்கிறது. கட்டடம் இருக்கிறது, ஆசிரியை இருக்கிறார், சத்துணவு இருக்கிறது. ஜீப் புறப்படும் நேரத்துக்கு அது திறந்திருப்பதில்லை, இறங்கும் நேரத்துக்கும் திறந்திருப்பதில்லை. 2005-இன் நூறு நாள் வேலைச் சட்டம், வேலையிடத்தில் ஐந்தோ அதற்கு மேலோ சிறு குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்தச் சொன்னது. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்கும் அதே உரிமை வேண்டும். குச்சனூர், சின்னமனூர், கம்பம் போன்ற ஊர்களில் இரண்டு கூடுதல் ஆட்களைப் போட்டு, விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை ஒரு அங்கன்வாடியாவது இயங்கச் செய்வதை மாவட்ட நிர்வாகம் முதல் காரியமாக எடுத்துக்கொள்ளவேண்டும். வாளியையும் அண்டாவையும் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதை அரசாங்கம்தான் செய்ய முடியும்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தடவை தரையில் உட்காருங்கள். பிள்ளையின் கண் இருக்கும் உயரத்திலிருந்து ஒவ்வொரு அறையையும் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பாட்டில், தொங்குகிற சார்ஜர் ஒயர், மேசை விரிப்பின் நுனி, அலமாரியின் கீழ்த்தட்டு எல்லாம் அங்கிருந்துதான் தெரியும். எழுந்தவுடன் சமையல்கட்டுச் சுவரில் இரண்டு எண்களைப் பெரிதாக எழுதிவையுங்கள். ஒன்று 108. இன்னொன்று 1800 116 117, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையம், கட்டணம் கிடையாது. பிள்ளை எதைத் தின்றது, எவ்வளவு தின்றது என்று சொன்னால் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக் கூடாது என்று அங்கே சொல்வார்கள்.